மெய்ரிக் இழுத்து வந்த கல்

லெய்கியின் அம்மா மெய்ரிக்கைப் பெற்றுப் போட்ட கையோடு கண்ணை மூடிவிட்டாள். லெய்கி அப்போது பாவாடை தடுக்கி விழுகிற வயதுச் சிறுமி. அப்பா வருஷத்தில் பாதி நாள் ஆட்டு மந்தையோடு மலைமேல் கிடப்பார். மீதி நாள் வீட்டில் இருந்தாலும் அடுப்பைப் பார்த்தபடி வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். பால் கொடுக்க மட்டும் அடுத்த பண்ணையிலிருந்து ஒரு பெண் வந்து போனாள். குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பது எல்லாம் லெய்கிதான். தம்பி என்று பேர். வளர்த்ததென்னவோ பிள்ளையாக.

அவள் இத்தெலைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு இக்கரை, லான்கீலன் ஊருக்கு வந்தபோது மெய்ரிக்குக் கோபமான கோபம். கல்யாண விருந்தில் ஒரு வாய் தொடவில்லை. மாப்பிள்ளையே ஒரு தட்டில் ஆட்டுக்கறியை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்க அக்காவ ஒண்ணும் கப்பலேத்தல மாப்ளே. ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் வச்சிருக்கேன். வேலி மேல ஏறி நின்னா எங்க வீட்டுப் புகை தெரியும். புகையப் பாத்துட்டுச் சாப்பிட வந்துடு" என்றான் இத்தெல்.

அப்படித்தான் ஆயிற்று. பையன் வளர்ந்து ஆளான பிறகும் வாரத்துக்கு ஒருமுறையாவது ஆற்றைத் தாண்டி வந்துவிடுவான். வந்தால் மச்சானும் அவனும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். இத்தெலின் அம்மா ஹினித் சிரிப்புக்குக் கொஞ்சம் பஞ்சமானவள். அவள்கூட மெய்ரிக் வந்த நாளில் தனக்கென்று எடுத்து வைத்த பாலாடைக்கட்டியைக் கீழே இறக்குவாள்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பான தபசுகாலம் தொடங்குவதற்கு முந்தின நாள், இரண்டு ஊர்க் கோயில்களின் பங்குக்காரர்களும் க்னாப்பன் ஆடுவது அந்தச் சீமையில் பாட்டன் முப்பாட்டன் காலத்து வழக்கம். கொழுப்பில் வேகவைத்த மரப்பந்து ஒன்று. ஈரக் கையில் விலாங்காக வழுக்கும். அதை எவன் தன் ஊர்க் கோயில் வாசலில் கொண்டுபோய்ப் போடுகிறானோ அவன் பங்குக்கு வெற்றி. இடையில் உள்ள வயல், வேலி, ஆறு, சேறு எல்லாமே ஆடுகளம்தான். ஓடுகிறவர்கள் குளிரிலும் வெற்றுடம்போடு ஓடுவார்கள். குதிரைக்காரர்கள் கழியோடு வருவார்கள். பந்தை வைத்திருப்பவன் விடாமல் அடம்பிடித்தால் தோளிலோ முதுகிலோ ஒரு போடு போடலாம், அது முறை. தலையில் அடிப்பது முறையில்லை.

அதற்கு முந்தின வருஷ ஆட்டத்தில் இத்தெல் ஆற்றின் நடுவில் மெய்ரிக்கைத் தண்ணீரில் அமுக்கிவிட்டுப் பந்தோடு கரையேறிவிட்டான். அது வருஷம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. மெய்ரிக்கின் ஊரான பென்வெர்னில் அவன் எங்கே போனாலும், உன் மச்சான் உன்னை அலசிப் பிழிந்து காயப்போட்டுவிட்டானாமே என்று கேட்டார்கள். அவனும் சிரித்தான். கொஞ்ச நாள் சிரித்தான்.

இந்த வருஷம் மெய்ரிக் குதிரையில் வந்தான்.

லெய்கி ஆட்டம் பார்க்கப் போகவில்லை. வயிற்றில் பிள்ளை, மாமியார் விடவில்லை. ஆடிவிட்டு வருகிறவர்களுக்காக இரண்டு பேரும் முட்டை அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஆற்றுப் பக்கமிருந்து கூச்சல் அலை அலையாக வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு கட்டத்தில் நின்றுபோயிற்று. வெற்றி என்றால் கூச்சல் கூடும், நிற்காது. ஹினித் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

ஆட்டுப்பட்டித் தட்டியில் கிடத்தி நாலு பேர் தூக்கி வந்தார்கள். தலை முதல் கால் வரை சேறு. யார் என்று லெய்கிக்குத் தெரியவில்லை. ஈரத் துணியால் முகத்தைத் துடைத்த பிறகுதான் அது தன் புருஷன் என்று கண்டாள். காதுக்கு மேலே மண்டை பிளந்திருந்தது. சாமியார் வந்து எண்ணெய் பூசி முடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை.

குதிரையை ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டு, தட்டிக்குப் பின்னால் மெய்ரிக் நடந்தே வந்திருந்தான். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. நிலைப்படியில் முட்டிபோட்டு விழுந்தான்.

"தெரியலக்கா. சேறு. முகமே தெரியலக்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

லெய்கி தன் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். கட்டின பெண்டாட்டிக்கே தெரியவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் அவளுக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இத்தெலின் அண்ணன் கின்ரிக் ஆள் திரட்டிக்கொண்டு வருவதற்குள் யாரோ மெய்ரிக்கை இழுத்துக்கொண்டு போய்க் கோயிலுக்குள் தள்ளிவிட்டார்கள். கோயிலுக்குள் இருக்கிறவனைத் தொடக் கூடாது. கின்ரிக்கின் ஆட்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பங்குச் சாமியார் யோர்வெர்த் இரண்டு பக்கமும் நடையாய் நடந்தார். ஆற்றின் இரு கரையிலும் ஆளுக்கு ஒரு கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த நேரம் அது. இது கொலையா விபத்தா என்பதைச் சேறு தீர்த்துவைத்தது. முகம் தெரியாமல் பட்ட அடி. சொந்த அக்கா புருஷனை எவன் தெரிந்து அடிப்பான்? ஊர் அப்படித்தான் பேசியது. கின்ரிக்கும் கடைசியில் அதற்கு இறங்கி வந்தார்.

உயிருக்கு ஈடாக மெய்ரிக்கின் மாடுகள் எல்லாம் இக்கரைக்கு வந்தன. சாமியார்களுக்கெல்லாம் தலைவரான ஆயரின் மன்றம் மேற்கொண்டு தவம் விதித்தது. தபசுகால ஞாயிறுகளில் வெறுங்காலோடு, ஒற்றைச் சட்டையோடு, எரியும் மெழுகுவத்தி பிடித்து லான்கீலன் கோயில் வாசலில் நிற்க வேண்டும். இறந்தவன் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு கற்சிலுவை நாட்ட வேண்டும். அதற்கான கல்லை மலையிலிருந்து அவனே கொண்டுவர வேண்டும். சிலுவை நின்ற பிறகு அதன் அடியில் இரண்டு குடும்பமும் சமாதானம் செய்துகொள்ளும். அதன்பின் அவன் கடல் தாண்டி, ஏசுவின் சீடர் யாகப்பரின் கல்லறைக்கு யாத்திரை போய்வர வேண்டும். திரும்பி வந்தால் பழி தீர்ந்தது. பழைய மனிதனாக ஊரில் இருக்கலாம்.

அந்த ஞாயிறுகளில் லெய்கி தம்பியைத் தாண்டித்தான் பூசைக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு பக்கம் மாமியார், ஒரு பக்கம் மூத்தார் கின்ரிக். பனியில் அவன் பாதம் நீலம் பாரித்திருக்கும். அவன் தலையைத் தூக்கமாட்டான். அவள் நிற்கமாட்டாள். சின்ன வயதில் அந்தப் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துச் சூடேற்றியிருக்கிறாள்.

வீட்டில் ஹினித் அவன் பேரைச் சொல்வதில்லை. "அவன்" என்பாள்.

ஒருநாள் லெய்கி தாங்கமாட்டாமல், "அவனுக்குத் தெரியாது அத்தை. எனக்கே தெரியலையே" என்றாள்.

"சேறு கண்ண மறைக்கும்டி. கை ஓங்குறப்போ புத்திய எது மறைச்சுச்சு?" என்றாள் ஹினித்.

லெய்கி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

புல் அறுத்துக் காயப்போடுகிற வேலை முடிகிற சமயத்தில் அவளுக்குப் பெண் பிறந்தது. நெஸ்டா என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தாய்மாமன் வாசலுக்கு வரக் கூடாது என்று ஹினித் சொல்லிவிட்டாள். சமாதானம் ஆகாத குடும்பம், சொன்னது முறைதான். ஆனாலும் ஞானஸ்நானத்தன்று ஆற்றுக்கு அக்கரையில் மெய்ரிக் நின்றிருந்தான். வீட்டுப் புகையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான் என்று ஆடு மேய்க்கப் போனவர்கள் வந்து சொன்னார்கள்.

கல்லை மலையிலிருந்து இறக்குவது லேசான வேலையாக இல்லை. சிலுவையின் தண்டு ஒரே கல்லாக இருக்க வேண்டும் என்று கல்தச்சன் சொல்லிவிட்டான். சறுக்கு வண்டியில் கட்டி, கடன் வாங்கிய இரண்டு எருதுகளைப் பூட்டி மெய்ரிக் தனியாக இழுத்தான். உதவிக்கு வந்த பென்வெர்ன்காரர்களைச் சாமியார் திருப்பி அனுப்பிவிட்டார். தவம் அவனுடையது. சதுப்பில் வண்டி புதையும்; பலகை போட்டுத் தூக்குவான். மழை வந்தால் ஒரு நாள் வேலை ஒரு வாரமாகும். பாதி வழியில் ஒரு எருது கால் முறிந்து போயிற்று. வேறு எருது தர ஆளில்லை.

அறுவடை முடிந்த ஒரு மழைநாளில் லெய்கி குழந்தையைச் சால்வையில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு, காணாமல்போன ஆட்டைத் தேடுவதாகச் சொல்லிவிட்டு மலைச்சரிவுக்குப் போனாள். ஆடு ஒன்றும் காணாமல் போகவில்லை. பாதை வளைகிற இடத்தில் மஞ்சள் பூ முட்செடிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

நுகத்தடியின் ஒரு பக்கம் எருது. மறுபக்கம் மெய்ரிக். தோளில் கந்தைத் துணியை மடித்து வைத்து நுகத்தைத் தாங்கியிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். முழங்கால் அளவு சேற்றில் ஒரு அடி வைப்பான், நிற்பான். எருது நகர மறுத்தது. அவன் அதன் நெற்றியோடு நெற்றியை வைத்துக்கொண்டு ஏதோ பேசினான். காற்று அவள் பக்கம் அடித்ததால் பேச்சு காதில் விழுந்தது.

"இன்னும் ஒரே ஒரு எட்டு. என் ராசால்ல. ஒரு எட்டு வச்சா ஆச்சு, அப்புறம் தூக்கிக்கிறேன்."

லெய்கி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் நடை பழகின காலத்தில் ஆற்றங்கரை மேட்டில் அவள் அவனுக்குச் சொன்னது அது. அச்சு அசலாக அதே வார்த்தைகள். அவள் அந்த முட்செடிக்குப் பின்னாலேயே உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். குழந்தை விழித்துச் சிணுங்கத் தொடங்கியதும், அவன் கேட்டுவிடுவானோ என்று எழுந்து வேகமாக இறங்கிவிட்டாள்.

அன்றே மாமியாரிடம் சொல்லிவிட்டாள். "சமாதானத்தன்னிக்கு நான் அவனுக்குக் கை குடுப்பேன் அத்தை."

ஹினித் கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள். கதிரை நிறுத்தவில்லை. நூலைப் பார்த்தபடியே, "உன் கை. நீ பாத்துக்கோ" என்றாள்.

பிறகு ஒருவழியாகக் கல் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. கல்தச்சன் அங்கேயே கூடாரம் போட்டுச் செதுக்கினான். தண்டை எட்டுப் பட்டையாக இழைத்தான். மேலே தலைக்கல்லில் ஒரு பக்கம் சிலுவையில் தொங்கும் ஆண்டவர். மறுபக்கம் செத்த மகனை மடியில் கிடத்திக்கொண்டிருக்கும் மாதா. நாலு படி வைத்த பீடத்தின்மேல் சிலுவை எழுந்து நின்றபோது, ஊரே கழுத்தை அண்ணாந்து பார்த்தது. கின்ரிக்கூட, பயல் நல்ல கல்லாகத்தான் பார்த்து எடுத்திருக்கிறான் என்று முணுமுணுத்தார்.

மார்ட்டின் திருநாளன்று சமாதானம் என்று முடிவாயிற்று. குளிர்காலத்துக்கென்று ஆடுமாடு அடித்து உப்பிடுகிற காலம். இரண்டு கரையிலும் எல்லா வீட்டிலும் கறி இருந்தது. பூசை முடிந்து வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்த நேரத்தில் லான்கீலன்காரர்கள் கோயில் பக்கமும் பென்வெர்ன்காரர்கள் வாசல் பக்கமுமாக நின்றார்கள். யார் கையிலும் ஆயுதம் இல்லை. பென்வெர்ன் பெண்கள் பெரிய கூடைகளில் ரொட்டி கொண்டுவந்திருந்தார்கள், பிற்பாடு சேர்ந்து சாப்பிடுவதற்கு.

முறை எளிமையானது. அடித்தவன் படியில் முட்டிபோடுவான். செத்தவனின் மூத்த ஆண் உறவு கை கொடுத்தால் பகை தீர்ந்தது. அதற்கு முன்னால் விதவை கை கொடுத்து அவனை எழுப்பிக் கன்னத்தில் முத்தமிட்டால், அது மன்னிப்பு. பகை தீர விதவையின் கை தேவையில்லை. ஆனால் அந்தக் கைக்காகத்தான் இரண்டு ஊரும் வந்திருந்தது.

லெய்கி குழந்தையை ஒரு பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுப் படி ஏறினாள். மெய்ரிக் தலை குனிந்து முட்டிபோட்டிருந்தான். அவன் உச்சிமயிர் மழைக்குப் பிந்திய வைக்கோல் மாதிரி நிறம் செத்துப் போயிருந்தது. அவள் கையை நீட்டினாள்.

அவன் பிடித்துக்கொள்ளவில்லை.

"அக்கா" என்றான். அவளுக்கு மட்டும் கேட்கிற குரல். "ஒண்ணு சொல்லிடறேன். அதக் கேட்டுட்டுக் குடு."

"அப்புறம் சொல்லிக்கலாம்டா. எந்திரி."

"இல்லக்கா. பொய்ய வச்சுக்கிட்டு உன் கையப் பிடிக்க மாட்டேன். எனக்குத் தெரியும். சேறு இருந்துச்சு, ஆனா தெரியும். நிமிந்து என்னைப் பாத்துச் சிரிச்சாரு. 'வா மாப்ளே, போன வருஷம் குளிச்சது பத்தலையா'ன்னாரு. குரல் தெரியாதா எனக்கு?"

லெய்கி நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

"தோள்லதான் ஓங்குனேன். அவரு கால் வழுக்கிடுச்சு. தலை வந்து குறுக்க நின்னுடுச்சு."

"கோபத்துலயா அடிச்சே? விளையாட்டுக்கா?"

அவன் முதல்முறையாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"தெரியலக்கா. அதான் தெரியல. கல்ல இழுக்கறப்போல்லாம் அதத்தான் யோசிச்சேன்."

இத்தனை மாதமாக அவள் பிடித்துக்கொண்டிருந்தது கையிலிருந்து நழுவியது. சேற்றைத் துடைத்த துணி, எனக்கே தெரியவில்லையே என்று மாமியாரிடம் வாதாடியது, ராத்திரி தனியே படுத்துக்கொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டது, எல்லாம். இத்தெல் சிரித்திருக்கிறான். சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கழி இறங்கியிருக்கிறது. அவள் கை தானாகவே மடங்கி மார்புக்கு வந்துவிட்டது.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. சாமியார் யோர்வெர்த் மெதுவாக, "லெய்கி, அம்மா" என்று கூப்பிட்டார். அவள் படியிறங்கினாள். குழந்தையை வாங்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் கல்லறைகளுக்கு நடுவே நடந்து வெளியே போய்விட்டாள்.

பின்னால் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். கின்ரிக் போய்க் கை கொடுத்தார். பகை தீர்ந்தது. மெய்ரிக் கை கொடுத்துவிட்டு மறுபடியும் அதே படியில் முட்டிபோட்டுவிட்டானாம். கூடைகளில் வந்த ரொட்டியை ஆளுக்குக் கொஞ்சம் பிய்த்துத் தின்றுவிட்டுச் சீக்கிரமே கலைந்துவிட்டார்களாம்.

மறுநாள் காலை அவன் யாத்திரைக்குக் கிளம்பினான். துறைமுகத்துக்குப் போகிற வழி அவள் வீட்டுக் கொல்லையை ஒட்டித்தான். லெய்கி மோர் கடைந்துகொண்டிருந்தாள். நாய் ஒருமுறை குரைத்து, தெரிந்த ஆள் என்று வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. வேலிக்கு அந்தப் பக்கம் காலடி நின்றது. அவள் மத்தை நிறுத்தினாள். உள்ளேயிருந்து அவளும் வெளியிலிருந்து அவனும், ஒருத்தர் மூச்சை ஒருத்தர் கேட்பது போல அப்படியே இருந்தார்கள். கதவு சாத்தித்தான் இருந்தது; தாழ் போடவில்லை. எழுந்து நாலு எட்டு வைத்தால் திறக்கலாம். அவள் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் காலடி நகர்ந்தது. நாய் மட்டும் வெகுதூரம் கூடவே போய்விட்டுத் திரும்பி வந்தது.

மாரிக்காலம் முழுக்க அவள் மனதுக்குள் அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். முதலில் எல்லாம் திட்டுதான். உண்மையைச் சொல்ல உனக்கு அந்த நேரம்தானா கிடைத்தது என்று கேட்டாள். பிறகு, பொய்யோடு கை கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாயா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். குளிர் குறைந்தபோது கோபமும் ஒரு மாதிரி தேய்ந்துவிட்டது. அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. மன்னிப்பு தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது, எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அக்காவை ஏமாற்ற மனசு வராமல்தானே சொன்னான்? அவனை அப்படி வளர்த்தது யார்? ஆட்டுக்குட்டிகள் பிறக்கிற சமயத்தில் அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். வரட்டும். வந்ததும் நெஸ்டாவை அவன் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான். மற்றது தானாக நடக்கும்.

கோடையில் கடற்கரை ஊரிலிருந்து ஒரு விதவை வந்தாள். கெனெரிஸ் என்று பேர். தொப்பியில், யாகப்பர் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் அணிகிற சிப்பி தைத்திருந்தது. மெய்ரிக்கின் அக்கா வீடு இதுதானா என்று வாசலில் நின்று கேட்டாள். அந்தக் குரலிலேயே லெய்கிக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள், ஓட்ஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். அந்த அம்மாள் தின்று முடிக்கும்வரை எதுவும் கேட்கவில்லை.

போகும்போது அவன் நன்றாகத்தான் இருந்தானாம். கூட வந்த கிழவர்களின் மூட்டையெல்லாம் அவன் முதுகில்தானாம். யாகப்பர் கல்லறையில் முழு நாளும் முட்டிபோட்டு இருந்தானாம். திரும்பி வருகிற வழியில் காய்ச்சல் கண்டு, யாத்ரிகர் சத்திரம் ஒன்றில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"அக்கா மகளப் பத்தியேதான் பேச்சு" என்றாள் கெனெரிஸ். "ஞானஸ்நானத்தன்னிக்கு ஆத்துக்கு அந்தாண்ட நின்னு பாத்தேன், வெள்ளையா ஒரு மூட்டைதான் தெரிஞ்சுதும்பான். பேரென்னன்னு கேட்டோம். தெரியாதுன்னுட்டான். ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லிருப்பாங்களேன்னேன். அக்கா வாயால கேட்டுக்கறேன், திரும்பிப் போனதும் சொல்லும்னான்."

"நெஸ்டா" என்றாள் லெய்கி.

"ஆங்?"

"அவ பேரு. நெஸ்டா."

கெனெரிஸ் தலையை ஆட்டினாள். நல்ல பேர் என்றாள். பிறகு வெயில் தாழ்வதற்குள் போக வேண்டும் என்று எழுந்தாள். லெய்கி அவளோடு ஆற்றுத்துறை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு, அங்கேயே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். ஆள் அனுப்பித்தான் கூட்டிவர வேண்டியிருந்தது.

ஹினித் அந்த ஒரு வருஷத்தில் வேறு ஆளாக மாறியிருந்தாள். சிலுவை நின்ற நாளிலிருந்து தினமும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மாதா பக்கமாகப் படியில் உட்காருவது அவள் வழக்கமாகியிருந்தது. கல்லில் இருக்கிறவளுக்கும் மடியில் ஒரு மகன். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்களோ. மெய்ரிக் செத்த சேதி கேட்டதும் அவள் சத்தம் போட்டு அழுதாள். சொந்த மகன் செத்தபோது அழாத அழுகை. அழுது முடித்துவிட்டு மருமகளைப் பார்த்தாள்.

"பெத்தவ நானே மனசு எறங்கி வந்து நின்னேன். தெரியாம செஞ்ச புள்ள. மழைல மாட்டோட மாடா நுகத்தத் தோள்ல போட்டுக்கிட்டு இழுத்துச்சு. நீ அக்கா. உனக்கு ஒரு கை நீட்ட முடியாமப் போச்சா?"

லெய்கி வாயைத் திறந்தாள். சொல்லிவிட்டால் தன் பாரம் இறங்கும். ஆனால் கின்ரிக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். தெரிந்தே அடித்தான் என்ற ஒரு வார்த்தை வெளியே வந்தால், செய்துகொண்ட சமாதானம் செல்லாது. பென்வெர்னில் அவள் சித்தப்பன் பிள்ளைகள் இருக்கிறார்கள், பழி அவர்கள்மேல் திரும்பும். அதைவிட, செத்துப் போனவனுக்கு ஊரில் மிஞ்சியிருந்தது அந்த நல்ல பேர் ஒன்றுதான். தெரியாமல் செய்த பிள்ளை.

"முடியல அத்தை" என்றாள்.

அதன்பிறகு ஊர் அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. நெஞ்சு கல் என்றார்கள். யோர்வெர்த் சாமியாரிடம், பாவத்தை ரகசியமாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் அவள் சொல்லியிருக்கக் கூடும். சொல்லியிருந்தாலும் அவர் வாய் திறக்கக் கூடாதவர். செத்தவர்களுக்காக வேண்டும் ஆத்துமாக்கள் திருநாளில் புருஷன் பேரையும் தம்பி பேரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லி அவள் மெழுகு கொண்டுபோய்க் கொடுத்தாள். உயிரோடு இருக்கும்போது கை கொடுக்காதவள் செத்தபிறகு மெழுகு கொடுக்கிறாள் என்று அதற்கும் ஒரு பேச்சு வந்தது. மறுபடி கல்யாணம் கேட்டு யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் அவள் சம்மதித்திருக்கமாட்டாள்.

இரண்டு ஊருக்கும் இடையில் சண்டை என்று ஒன்று பிறகு வரவேயில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். சந்தை பேசுவதும் சத்தியம் செய்வதும் அந்தச் சிலுவையடியில்தான் என்று ஆகிவிட்டது. நெஸ்டாவையும் பென்வெர்ன் பையன் ஒருவனுக்குப் பேசி முடித்தார்கள். லெய்கியின் சொந்த ஊருக்கே மகள் போகப்போகிறாள். ஹினித் அதைப் பார்க்க இல்லை. கின்ரிக்கும் போய்விட்டார். அவர் பிள்ளைகள் இருந்தார்கள், அப்பாவின் கோபத்தோடு.

ஒருநாள் மத்தியானம் நெஸ்டா கிணற்றடியிலிருந்து வெறும் குடத்தோடு திரும்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது. சந்தைக்கு வந்த பென்வெர்ன் பெண்கள் யாரோ சீண்டியிருக்கிறார்கள். சொந்தத் தம்பிக்கே கை கொடுக்காதவள் மகள் எங்கள் ஊருக்கு வந்து எந்த மாமியாரை மதிக்கப்போகிறாள் என்று.

லெய்கி கம்பளி சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா குடுக்கல?" என்று கேட்டாள் நெஸ்டா. இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதேயில்லை. "மாமா தெரியாமதானே செஞ்சாரு? ஊருக்கே தெரியுது. உனக்கு மட்டும் ஏன் தெரியல?"

லெய்கி மகளைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நாளில் ஆற்றைத் தாண்டிப் போகிறவள். அங்கே மெய்ரிக்கின் வீடு இருக்கிறது, அவன் பேரைச் சொல்லி உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். தாய்மாமனை நினைத்து அழ ஒரு கதை அவளுக்கும் இருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு அனுப்புவதா?

"குடுத்திருக்கணும்" என்றாள். "குடுக்கல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நெஸ்டா குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கிணற்றுக்குப் போனாள். அன்று பொழுது சாயும்வரை அவள் அம்மாவோடு பேசவில்லை. லெய்கி அந்தக் கம்பளி முழுவதையும் சிக்கெடுத்து முடித்தாள். மகளின் கல்யாணப் போர்வைக்கு அது வேண்டியிருந்தது.